ஐந்தாவது மாவட்டம்

இங்கே கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை காணாமற் போகும். பிரான்சின் மேற்கு முனையில், மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த பிரெத்தாஞ் என்கிற மாநிலத்தில் வந்து இறங்கிய புதிதில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு காலையில் ஜன்னலைத் திறந்தால், முந்தின சாயங்காலம் மதிலை முட்டிக்கொண்டிருந்த கடல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை இல்லை. படகெல்லாம் சேற்றில் சாய்ந்து கிடக்கின்றன. கடல் உள்வாங்கினால் என்ன அர்த்தம் என்று நம் பக்கத்து ஆளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பனியனோடு தெருவில் இறங்கி, “சுனாமி, சுனாமி” என்று கத்திக்கொண்டே மேட்டைப் பார்த்து ஓடினேன். நாயோடு வந்த ஒரு வயதான அம்மா என்னை மறித்து, “மாரே, முசியூ, மாரே” என்றாள். பாவம், மார்வலி வந்துவிட்டது போல என்று அவளைப் பிடித்துப் படிக்கட்டில் உட்காரவைத்து முதுகைத் தடவிவிட்டேன். நாய் என் காலைக் கவ்வியது. மாரே என்றால் கடலின் ஏற்ற வற்றம் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

நான் சாத்தான்குளத்துக்காரன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்கு முக்கியக் காரணம் பூகோளம். தோசைக்கல்தான் எனக்குச் சோறு போட்டது, இன்றும் போடுகிறது. இந்த ஊரில் கறுப்பு மாவைக் கரைத்து, பெரிய இரும்புக் கல்லில் மெல்லிசாக இழுத்து, ‘கலெத்’ என்று விற்கிறார்கள். நம் ராகி தோசைக்கு ஒன்றுவிட்ட தம்பி. நான் கலெத் ஊற்றுகிற கடையின் முதலாளி பெயர் இயான். ஊர்ப்பற்று தலைக்கேறிய மனிதர். அவர் பிரெஞ்சில்தான் பேசுவார், ஆனால் என் காதில் அது நம் ஊர் அண்ணாச்சி பேசுகிற மாதிரியே விழும். அப்படியே எழுதுகிறேன்.

குடியுரிமைக்கு நான் எழுதிப்போட்டிருந்தேன். மனைவி செல்வி முதியோர் இல்லத்தில் வேலை பார்த்து, பாஷை படித்து, முன்னாலேயே பிரெஞ்சுக்காரி ஆகிவிட்டாள். மகளும் அப்படித்தான். வீட்டில் நான் ஒருவன்தான் அந்நியன். விமான நிலையத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒரு வரிசையில் போய்விடுவார்கள். நான் இன்னொரு வரிசையில் நின்று, என்னை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டால் இவர்கள் ராத்திரி என்ன சாப்பிடுவார்கள் என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்பேன். நேர்காணலில் மாநிலத்தின் பூகோளமும் சரித்திரமும் கேட்பார்கள் என்றாள் செல்வி. விட்டுவிட்டு வந்த பூகோளம் கடல் தாண்டி வந்து பிடித்துக்கொண்டது.

இயான்தான் வாத்தியார். நிலம் முடிகிற மேற்குக் கோடி மாவட்டம் ஃபினிஸ்தேர். தேர் நிலைக்கு வந்து நின்றுவிட்டது என்று மனதில் போட்டுக்கொண்டேன். இல் ஏ விலேன் மாவட்டத்துக்கு இரண்டு ஆறுகளின் பெயர். எனக்கு அதில் ஒரு வில்லன் போதும். கோத் தார்மோர், மோர்பியான் என்ற இரண்டு மாவட்டத்திலும் மோர் வந்தது.

“ஏலே, எங்க பழைய பாஷையில மோர்னா கடலு. மோர்பியான்னா சின்னக் கடலு” என்றார் இயான்.

“அண்ணாச்சி, மோர்ங்கது இப்பம் நீங்க கையில வச்சுக் குடிக்குதியளே, அது.”

இங்கே கலெத்தோடு ஒரு கிண்ணம் மோர் குடிக்கிறார்கள், பெயர்தான் வேறு. இயான் கிண்ணத்தை ஒரு பார்வை பார்த்தார். “அப்பம் ஒங்க ஊர்ல கடலையே குடிச்சிருவியளோ?”

சரித்திரம் எனக்குச் சுலபமாக ஏறியது. பழைய காலத்தில் இது தனி நாடு. ஆண்ட கோமகள் பிரான்ஸ் ராஜாவைக் கட்டினாள். அவர் செத்ததும் அடுத்த ராஜாவைக் கட்டினாள். அவள் மகளும் ஒரு ராஜாவுக்கே வாக்கப்பட்டாள். சீதனம் கொடுத்து அழிந்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், ஒரு நாடே அப்படிப் போனதை இங்கேதான் கேள்விப்பட்டேன். அந்தக் கோமகளின் கோட்டை நாந்த் நகரத்தில் இருக்கிறது. பிற்காலத்தில் அந்த நாந்த்தையும் அதைச் சுற்றிய மாவட்டத்தையும் கோடு போட்டுப் பக்கத்து மாநிலத்தோடு சேர்த்துவிட்டார்கள். ஆகவே சட்டப்படி பிரெத்தாஞ்சில் நான்கு மாவட்டம். இயானிடம் கேட்டால் ஐந்து. கல்லில் மாவை ஊற்றும்போதெல்லாம் ஐந்தையும் வரிசையாகச் சொல்லவைப்பார்.

“இந்தா பாருங்க, ஒங்க அண்ணாச்சி பேச்சக் கேட்டு அங்கன போயி அஞ்சுன்னு சொல்லிராதிய. நாலு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் நாலு” என்றாள் செல்வி.

தூக்கத்தில் கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பேன். விழித்திருக்கும்போதுதான் எனக்குப் பிரச்சினை. நேர்காணலில் எதிரே இருந்த கண்ணாடி போட்ட அலுவலர் அம்மா மாவட்டங்களைச் சொல்லச் சொன்னாள். தேர் வந்தது, வில்லன் வந்தான், இரண்டு மோரும் வந்தன. அதோடு வாயை மூடியிருக்கலாம். மாவு ஊற்றிப் பழகிய கை காற்றில் ஒரு வட்டம் போட்டது. அதன் பின்னாலேயே நாந்த்தும் வந்துவிட்டது.

“நான்கு, முசியூ” என்று பேனாவைக் கீழே வைத்தாள்.

பக்கத்து மேசை ஆள் தலையைத் தூக்காமலே, “ஐந்து” என்றார்.

“நான்கு.”

“உன் வரைபடத்தில் நான்கு. நாந்த்தில் இருக்கிற என் அம்மாவிடம் போய்ச் சொல், பார்ப்போம்.”

இரண்டு பேரும் கோமகளின் கல்யாணம் வரைக்கும் போய்விட்டார்கள். ஓர் அரசாங்கத்துக்குள் சண்டை மூட்டிவிட்டவனுக்கு எந்த நாடு குடியுரிமை கொடுக்கும்?

கடைசியில் அவள் என் பக்கம் திரும்பி, ஐந்து என்று யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாள். முதலாளியைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்த பூகோளத்தைச் சொன்னேன். “மதாம், நான் பிறந்தபோது சாத்தான்குளம் திருநெல்வேலி மாவட்டம். பிறகு தூத்துக்குடி மாவட்டமாக்கிவிட்டார்கள். நாங்கள் யாரும் வீடு மாறவில்லை. இன்றைக்கும் வெளியூரில் கேட்டால் திருநெல்வேலி என்றுதான் வாயில் வரும். ஆபீசுக்கு ஒரு பதில், வாய்க்கு ஒரு பதில்.”

“ஆபீசுக்கு என்ன பதில்?”

“நான்கு, மதாம்.”

பக்கத்து மேசையிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அவள் பேனாவை எடுத்து எழுதினாள்.

பல மாதம் கழித்துக் குடியுரிமை கிடைத்துவிட்டது. இனி இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும் என்றார்கள் நம் தூதரகத்தில். கிடைக்காதோ என்று கவலைப்பட்டவன், கிடைத்துவிட்டதே என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. வெளிநாட்டில் பிறந்து பிரெஞ்சுக்காரரானவர்களுக்கு இந்த அரசாங்கம் புதிதாக ஒரு பிறப்புப் பதிவு எழுதி வைத்துக்கொள்ளும். அதை எழுதி வைக்கும் அலுவலகம் எங்கே இருக்கிறது என்கிறீர்கள்? நாந்த்தில். இயான் கரண்டியோடு ஒரு சுற்று ஆடினார். “ஏலே, ஒன் பொறப்பே இனி எங்க பிரெத்தாஞ்சுலதாம்லே!”

சேதி கேட்டுச் சாத்தான்குளத்திலிருந்து செல்வியின் அண்ணன் பேசினார். “மாப்ளே, இனிமே எந்த ஊருன்னு கேட்டா என்ன சொல்லுவீரு?”

சொல்லிப் பார்த்தேன். நான் திருநெல்வேலிக்காரன். ஆனால் நான் பிறந்த சாத்தான்குளம் இப்போது திருநெல்வேலியில் இல்லை. நான் பிரெத்தாஞ்சுக்காரன். ஆனால் என் பிறப்பை எழுதி வைத்திருக்கும் நாந்த் இப்போது பிரெத்தாஞ்சில் இல்லை.

“அப்பம் நீரு எங்கனதான்வே இருக்கீரு?” என்றார்.

இரண்டு வரைபடத்திலும் கோட்டுக்கு வெளியே ஒரு காலை ஊன்றிக்கொண்டு நிற்கிறேன். யாராவது மறுபடியும் கோட்டை அழித்து வரைந்தால் எந்தக் காலை முதலில் தூக்குவது என்பதுதான் இப்போதைய கவலை.