முனியம்மாவுக்கு ஒரு ஓட்டு

1. பட்டியல் ஒட்டிய காலை

ஆரணியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். பள்ளி மேலாண்மைக் குழுத் தேர்தல் என்றாலே எனக்குப் பெரிய தலைவலி. விதி என்னவோ எளிதுதான். பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெற்றோருக்கு ஓட்டு. தலைவராக நிற்பவர் ஒரு மாணவரின் தாயாக இருக்க வேண்டும். ஆனால் தேர்தல் அன்று மட்டும் ஊரில் எல்லாரும் வக்கீல் ஆகிவிடுவார்கள்.

என் கடைசித் தேர்தலில் இருவர் நின்றார்கள். ஒருவர் பட்டுப்புடவை வியாபாரியின் மனைவி சுமதி. இன்னொருவர் விசைத்தறியில் கூலிக்கு நெய்யும் கஸ்தூரி. பெண்கள் கழிப்பறைக்குக் கதவு இல்லை. அதனால் கஸ்தூரியின் மகள், ஆறாம் வகுப்பு யாழினி, பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை. அந்தக் கதவுக்காகத்தான் கஸ்தூரி நின்றார்.

வாக்காளர் பட்டியலைச் சுவரில் ஒட்டியதும் சுமதியின் கணவர் விரல் வைத்துப் படித்துவிட்டுத் திரும்பினார்.

“இன்னாங்க டீச்சர் இது? கஸ்தூரின்னு பேரே இல்லியே. லிஸ்ட்ல இல்லாதவங்க எப்படிங்க நிக்க முடியும்?”

ஓடிப்போய்ப் பார்த்தேன். யாழினியின் பெயருக்கு நேரே ‘தாய்: முனியம்மா’ என்று இருந்தது.

“அது என் மாமியாருங்க. செத்து நாலு வருஷம் ஆவுது,” என்றார் கஸ்தூரி. “பெத்தவ இங்க நின்னுகினு இருக்கேன், அவங்களுக்கா ஓட்டு?”

அவர் கணவர் சேகர் தலையைச் சொறிந்தார். “புள்ளய சேக்க வந்தப்போ ‘அம்மா பேரு என்ன’ன்னு கேட்டீங்க டீச்சர். நான் எங்கம்மா பேரச் சொல்லிட்டேன்.”

கூட்டமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேர்க்கைப் பதிவேட்டில் இருந்தது என் கையெழுத்து. பிள்ளையின் அம்மாவா, உன் அம்மாவா என்று நான் கேட்கவே இல்லை.

2. நான்காவது கட்டு

‘எல்லாருக்கும் தெரியும்’ என்பது ஆவணம் ஆகாது. கஸ்தூரியை நிற்கவிட்டால் மறுநாளே ஆட்சேபணை மனு வரும். விடாவிட்டால் என் பிழைக்கு அவருக்குத் தண்டனை. அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு பீரோவைத் திறந்தேன். பழைய சேர்க்கைப் படிவங்கள் கட்டுக் கட்டாக விழுந்தன. மூன்று கட்டுகளில் ஒன்றும் இல்லை. நான்காவதில், ஓரத்தை எலி தின்றது போக மிச்சமிருந்தது யாழினியின் பிறப்புச் சான்றிதழ் ஜெராக்ஸ். தாயின் பெயர் கஸ்தூரி. அப்பாடா என்று தூசியோடு ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். எலிக்குக்கூட நன்றி சொல்லத் தோன்றியது.

கூட்டத்தில் அதை வாசித்து, பிழை என்னுடையது என்றும் சொன்னேன். வியாபாரி மறுபடி வாய் திறப்பதற்குள் சுமதியே குறுக்கிட்டார்.

“வுடுங்க. நானும் பொம்பளப் புள்ளயத்தான் இங்க அனுப்பறேன். ஜல்தி ஓட்டப் போடுவோம்.”

பட்டியலைத் திருத்தி, இரண்டு வேட்பாளர்களிடமும் கையெழுத்து வாங்கினேன். ஏழு ஓட்டு வித்தியாசத்தில் கஸ்தூரி ஜெயித்தார்.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். அப்பாவிடம் “அம்மா பேர் என்ன?” என்று கேட்காதீர்கள். “பிள்ளையைப் பெற்றவர் பேர் என்ன?” என்று கேளுங்கள். எழுதியதை அவரிடமே ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.

அந்த மாதமே கதவு வந்தது. மாட்டிய மறுநாள், இரண்டாம் மணி அடிப்பதற்குள் யாழினி பாட்டிலைக் காலி செய்துவிட்டு, மறுபடி நிரப்பக் குழாயடிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.