பூ மார்க்கெட்டில் ஒரு லாக்அவுட் பட்டன்

"பட்டன அமுக்கிட்டு, ஒரு டீ குடிச்சுட்டு வந்து பாத்தாலும் சுத்திக்கிட்டேதாம்மா இருக்கு. பூ வாடுது. அதுக்கிட்டப் போயி சர்வர் ஸ்லோன்னு சொல்லவா?"

பாண்டி அண்ணன் என்னைப் பார்த்ததும் பொரிந்து தள்ளியது இப்படித்தான். திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர். வியாபாரிகள் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். ஏலம் முடிந்ததும் கடைக்காரர்கள் பில் போடுவதற்காக வேறொரு கம்பெனி ஒரு வெப் அப்ளிகேஷன் எழுதிக் கொடுத்துவிட்டுக் காணாமல் போயிருந்தது. அதைச் சரிசெய்யும் வேலை எங்கள் சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸ் தலையில் வந்து விழுந்தது. ஆயுத பூஜைக்குள் சரியாகாவிட்டால் பழையபடி கையால் பில் போட்டுக்கொள்வது என்று சங்கம் முடிவெடுத்துவிட்டது. என் முதலாளி ஆரோக்கியம் சார் அதிகம் பேசாதவர். அன்று பேசினார்.

"இதுவும் போச்சுன்னா ஆபீசுக்குப் பூட்டுத்தாம்மா."

புரோகிராமைத் திறந்து பார்த்தால் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒருவர் லாக்இன் செய்ததும் சர்வர் அவருக்கென்று ஒரு செஷன் திறந்து, சட்டென்று எடுக்க வசதியாகக் கேஷ் என்கிற தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். கோயில் வாசலில் செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கிறார்களே, அது மாதிரி. எழுதிய புண்ணியவான்கள் செருப்போடு மூட்டை முடிச்சையும் வாங்கி அடுக்கியிருந்தார்கள். அன்றைய விலைப்பட்டியல் முழுவதும் ஒவ்வொரு செஷனுக்குள்ளும் கிடந்தது. போதாததற்கு யாருமே லாக்அவுட் செய்வதில்லை. காலையில் நுழைந்தால் புது செஷன். பழையதும் அப்படியே இருக்கும். அதற்குக் காலாவதியும் வைக்கவில்லை. கேஷ் நிரம்பி வழிந்து, புதிய செஷன்களெல்லாம் மெதுவாக ஓடும் டிஸ்க்குக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு க்ளிக்குக்கும் அங்கே போய்த் தேடி எடுத்து வர வேண்டும். பிறகு எப்படி ஓடும்?

விலைப்பட்டியலைப் பிரித்தெடுத்து எல்லோருக்கும் பொதுவாக ஒரே இடத்தில் வைத்தேன். செஷனுக்குள் கடையின் அடையாளம் மட்டும். நெடுநேரம் யாரும் தொடாத செஷன் தானாக அழிந்துவிடும்படியும் செய்தேன். பட்டனைத் தொட்டதும் பில் வந்து விழுந்தது. சந்தோஷம் தாங்காமல் ஆபீசுக்கே பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் விடிந்ததும் பாண்டி அண்ணனிடமிருந்து போன்.

"என்னம்மா பண்ணி வச்ச? ஒருத்தரும் பில் போட மாட்டேங்குறாங்க. செத்த வந்து பாரு."

பஜ்ஜியெல்லாம் வீண் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். கடை கடையாகத் திரையில் ஒரே வாசகம்: 'உங்கள் அமர்வு முடிந்துவிட்டது.' செஷன் காலாவதியானால் காட்டுவதற்குப் பழைய கம்பெனி எழுதி வைத்தது. காலாவதியே இல்லாததால் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. ஊதுபத்தி கொளுத்தி, சாமி கும்பிட்டு உட்கார்ந்தவர்கள் முகத்துக்கு நேரே போய் 'முடிந்துவிட்டது' என்று நின்றிருக்கிறது.

"யாவாரத்தத் தொடங்குறப்ப இதயாம்மா படிக்கிறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. லாக்அவுட் பட்டனில் 'வெளியேறு' என்று இருந்தது.

"அண்ணே, சாயங்காலம் லாக்அவுட் பண்ணாமப் போறதும் இதுக்குத்தானா?"

"பின்ன? கடைய மூடுறோம்னுகூட சொல்ல மாட்டோம், எடுத்து வைக்கிறோம்னுதான் சொல்லுவோம். பொழைக்கிற எடத்துல ஒக்காந்துக்கிட்டு வெளியேறுங்கிறத எவன் அமுக்குவான்? மெயின ஆஃப் பண்ணிட்டுப் போயிருவோம்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முறைத்துப் பார்த்தவர் தானும் சிரித்துவிட்டார். அங்கேயே காலிப் பூக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தேன். அந்த வாசகத்தைத் தூக்கிவிட்டு, நேரே லாக்இன் பக்கம் வரும்படி செய்து, அதன் மேலே 'வாங்க' என்று போட்டேன். 'வெளியேறு' பட்டனை 'போயிட்டு வாரேன்' ஆக்கினேன்.

ஆபீசுக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னதும் ஆரோக்கியம் சார் கேட்டார், "இத ரிப்போர்ட்ல என்னன்னும்மா எழுதுறது?"

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. எரியோட்டிலிருந்து பூ கொண்டு வந்தவர்கள் பில்லை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பினார்கள். வியாபாரம் ஓய்ந்ததும் ஒவ்வொரு கடையாக லாக்அவுட் செய்ய, என் லேப்டாப்பில் செஷன்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன.

"சங்கத்துல பேசிட்டோம்மா, கையால எழுதுற பேச்ச விட்டாச்சு. நீ சாப்டியா?" என்றார் பாண்டி அண்ணன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது ஆபீசில் புதிதாகச் சேருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சிஸ்டம் மெதுவாக ஓடுகிறது என்று புகார் வந்தால் சர்வர் குறித்து வைக்கும் லாக் ஃபைலைத் தாராளமாகப் பாருங்கள். அதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க அந்த இடத்தில் போய் நின்று, எந்தப் பட்டனை ஆட்கள் தொடவே மாட்டேன் என்கிறார்கள் என்று பாருங்கள்.