பதினொரு பேருக்கு என் நம்பர்

வங்கிக்குப் போய்விட்டு நடுவட்டம் ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கிய அம்மா சொன்ன முதல் வார்த்தை, "சம்பளம் இன்னும் கணக்குல ஏறலையாம்." கூடப் போன நான்கு பெண்களுக்கும் அன்று அரை நாள் கூலி போயிற்று, பஸ் காசு வேறு. குடை பிடித்து நின்றிருந்த எனக்கு அங்கேயே அந்த யோசனை வந்தது. கணக்கில் பணம் ஏறினால் வங்கி மெசேஜ் அனுப்புகிறது. எல்லாருடைய கணக்கிலும் என் நம்பரைக் கொடுத்துவிட்டால் என்ன?

தேயிலை பறிக்கும் அந்தப் பெண்கள் யாரிடமும் சொந்த ஃபோன் கிடையாது. வீட்டிலிருந்த ஃபோன்கள் புருஷன்மார் சட்டைப்பையில் இருந்தன. "அவங்க நம்பர் வேண்டாம் பாப்பா, உன்னுதே போடு" என்று ஏழெட்டுப் பேர் சொன்னார்கள். நான் சிரித்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. கல்லூரி முடித்து, வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு, எஸ்டேட் லயன் வீட்டில் கை பரபரத்துக் கிடந்த நேரம் அது. ஒரே வாரத்தில் பதினொரு படிவங்களை நிரப்பிக் கொடுத்தேன்.

சம்பள நாளில் கொழுந்து நிறுக்கும் ஷெட்டுக்குப் போய் ஒவ்வொரு பெயராக, ஏறிய தொகையோடு வாசிப்பேன்.

"எந்திரிச்சு நில்லுங்கடி, பேங்கு மேனேஜர் வர்றாங்க!"

"ஏனுங்க மேனேஜரம்மா, எனக்கொரு லோன் போட்டுக் குடுங்க. இந்த ஆளை வித்துட்டு வேற வாங்கோணும்."

ஷெட்டே சிரிக்கும். எனக்குத் தலைகால் புரியாது.

பதினொரு பேரில் ஒருவர் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கும் பெரியம்மா. உறவில்லை, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் கூப்பிடுகிறேன். அவர் புருஷன் கொழுந்து லாரி ஓட்டுகிறார். அவர்களுடைய ஒரே மகன் வேறு மதத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போய்விட்டான். அவன் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்பது பெரியப்பாவின் உத்தரவு. ஆனால் மாதா மாதம் மகனிடமிருந்து பெரியம்மா கணக்குக்கு இரண்டாயிரம் வரும். குழாயடியில் என்னைத் தனியாகப் பிடித்து மெதுவாகக் கேட்பார்.

"வந்துச்சா?"

"வந்துச்சுங்க பெரியம்மா."

"எத்தன மணிக்கு?"

"காலைல ஆறே காலுக்கு."

"அப்ப ராத்திரி ஷிஃப்டு முடிச்சுட்டுப் போட்டிருக்கான்" என்பார். முகம் தெளிந்துவிடும். அந்தப் பணத்தை அவர் எடுத்ததாக எனக்கு நினைவில்லை. மகன் நன்றாக இருக்கிறான் என்று அவருக்கு வரும் ஒரே தகவல் அந்த மெசேஜ்தான். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் நடந்தது.

அன்று சம்பள நாள். பெரியம்மாவுக்கு ஒரே காலையில் இரண்டு மெசேஜ் வந்திருந்தன. வேகமாகத் தள்ளிக்கொண்டே போன விரல் தவறிவிட்டது. சம்பளத்துக்குப் பதிலாக, "பெரியம்மா, ரெண்டாயிரம்" என்று ஆரம்பித்து, அனுப்பியவன் பெயரையும் சேர்த்துச் சத்தமாக வாசித்துவிட்டேன். லாரியின் பின்கதவைப் பிடித்தபடி பெரியப்பா நின்றிருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

இதுவரைக்கும் கைத்தவறு என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்ததற்கு அப்படிச் சொல்ல வழியில்லை. மறுநாள் பெரியப்பா வங்கிக்குப் போனார். கணக்கு வைத்திருப்பவர் வராமல் எதுவும் சொல்ல முடியாது, புருஷனாக இருந்தாலும் சரி என்று கவுண்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நேராக எங்கள் வாசலுக்கு வந்தார்.

"எம்பொண்டாட்டி கணக்கை எனக்கே காட்ட மாட்டாங்களாம் பாப்பா. உம்பட ஃபோன்ல இருக்குமில்ல? எத்தன மாசமா நடக்குது?"

அதட்டவில்லை, தன்மையாகத்தான் கேட்டார். நான் மகன் பெயரைப் போட்டுத் தேடினேன். வரிசையாக வந்து நின்றன. "பதினாலு மாசங்க பெரியப்பா" என்றேன். அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்ததில் எனக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. முன்பின் தெரியாத வங்கி ஊழியர் காப்பாற்றியதை, பெரியம்மா கையால் எத்தனையோ நாள் சாப்பிட்ட நான் எடுத்து நீட்டினேன்.

அன்று சாயங்காலம் பெரியப்பா மகனுக்கு ஃபோன் போட்டார். அவர் போட்ட சத்தம் லயன் சுவர்களைத் தாண்டி எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. "இனிமே ஒரு பைசா வரக் கூடாது. வந்துச்சுன்னா, உங்கம்மாவை அங்கியே கூட்டிட்டுப் போயிரு." அடுத்த மாதம் மெசேஜ் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. சும்மா கிடந்த ஃபோனை நான் எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

"நீ என்ன பண்ணுவ, பெரியவரு கேட்டாரு, சொன்ன" என்றார் அம்மா. பெரியம்மா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"உன்னய நம்பித்தானே பாப்பா அவரு நம்பர் வேண்டாம்னேன்."

மற்றப் பத்துப் பேரின் கணக்கிலிருந்தும் என் நம்பரை எடுத்துவிட முடிவு செய்தேன். வங்கியில் விசாரித்தேன். கணக்குக்காரர் நேரில் வர வேண்டும், அவர் பெயரில் சிம் வேண்டும். என் அம்மாவுக்கும் இன்னும் இருவருக்கும் முடிந்துவிட்டது. ஷெட்டில் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். பெரியம்மாவுக்காக ஒரு பட்டன் ஃபோன் வாங்கி வைத்திருக்கிறேன்.

மகனுக்கு நானே ஒரு வார்த்தை அனுப்பிவிடலாமே என்று நேற்று கை துறுதுறுத்தது. பழைய வங்கி மெசேஜில் அவன் பெயரோடு, பணம் அனுப்பிய ஃபோன் நம்பரும் இருக்கிறது. எழுதியும்விட்டேன்: 'உங்கம்மா காத்துக்கிட்டிருக்காங்க.' அனுப்பப் போகும்போதுதான் உறைத்தது. இதையும் பெரியம்மாவைக் கேட்காமல்தான் செய்யப் பார்க்கிறேன். அழித்துவிட்டேன்.

நாளை மத்தியானம் பெரியப்பா லாரியோடு ஃபேக்டரியில் இருப்பார். அந்த நேரத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போகப் போகிறேன். முதலில் மன்னிப்பு. பிறகு, சிம் வாங்கவும் நம்பரை மாற்றவும் என்னோடு வருகிறாரா என்று கேட்க வேண்டும். மகன் நம்பர் வேண்டுமா என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் ஃபோனை மட்டும் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். கதவையே திறக்காவிட்டால், அடுத்த நாளும் போய்ப் பார்க்க வேண்டும்.