அகப்பையின் அடியில் என் தப்பு

கேரளத்தில், விதுரா சந்தைக்குப் பின்னால் நிற்கிற தகரக் கூரைப் பட்டறை நான் கட்டியது. அதில் உட்கார்ந்து வேலை செய்கிற ஆறு பெண்களின் கையிலும் உளியைக் கொடுத்தது நான். கல்லாற்றில், பொன்முடிக்குப் போகிற வண்டிகள் நின்று பார்த்துவிட்டுப் போகிற கடை என்னுடையது. தேயிலைக் கட்டையில் பிடி போட்டுச் சிரட்டை அகப்பை செய்யலாம் என்று முதலில் யோசித்த மண்டை, இதோ என் கழுத்தின்மேல் உட்கார்ந்திருக்கிற இந்த மண்டைதான். போனக்காடு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து மூன்றாம் வகுப்போடு நின்றவன். வங்கியில் என் கடன் விண்ணப்பத்தை மடிப்புக் கலையாமல் திருப்பித் தந்தார்கள். மர வியாபாரி சிரித்தார். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று என் மைத்துனர் ஊரெல்லாம் சொல்லிவைத்தார். மைத்துனர் வீட்டு அடுக்களையில் இன்று என் அகப்பை நான்கு தொங்குகிறது.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செல்போனைத் திறந்தால் வேறு கதை ஓடுகிறது.

சிரட்டை அகப்பை புதிதல்ல. தேங்காய் உள்ள ஊரிலெல்லாம் உண்டு. மூங்கிலைச் சீவி, சிரட்டையில் இரண்டு ஓட்டை போட்டுச் செருகினால் முடிந்தது. நான் செய்தது என்னவென்றால், வயதான தேயிலைச் செடியைப் பிடுங்கி விறகுக்கு விற்கிறார்களே, அந்த விறகை வாங்கினேன். தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை இடுப்பளவுக்கு வெட்டிவிடுவார்கள். அதற்குக் கவாத்து என்று பெயர். என் அப்பா கவாத்துக்காரர், நானும் வெட்டியிருக்கிறேன். வெட்டிய இடத்தில் செடி முடிச்சுப் போட்டுக்கொண்டு அடுத்த பக்கம் வளைந்து போகும். அந்த முடிச்சும் வளைவும் அப்படியே தெரிகிற மாதிரி பிடி செய்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க நிழலில் உலர்த்தினால்தான் அந்தக் கட்டை வெடிக்காது. பசையும் இல்லை, இரும்பும் இல்லை. இரண்டு மூங்கில் ஆணி, அவ்வளவுதான். கொதிக்கிற சாம்பாரில் விட்டு மறந்துவிட்டாலும் கழலாது. மலையில் விளைந்தது பிடி, கீழே விளைந்தது சிரட்டை. இரண்டையும் சேர்த்து வைத்தவன் நான்.

அடுத்தது பெயர். பொருளுக்கு ஒரு பெயர் இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே எனக்குத் தோன்றியது. விதுரா முக்கில் லாட்டரிக்காரர் காலையில் மைக்கைப் பிடித்தால் பொழுது சாயும்வரை, “நாளத்தெ பாக்யசாலி நிங்ஙளாகாம்” என்று கத்திக்கொண்டே இருப்பார். நாளைக்குப் பாக்கியசாலி நீங்களாக இருக்கலாம் என்று அர்த்தம். கேட்டுக் கேட்டு எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போனது. அகப்பையின் அடியில் ‘பாக்கியம்’ என்று மலையாளத்தில் சூடு போடலாம் என்று முடிவு செய்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் படித்தது தமிழ். மலையாள எழுத்து பஸ் போர்டைப் பார்த்து நானே பொறுக்கியது. தமிழில் எப்படி எழுதுவோமோ, அதை எழுத்துக்கு எழுத்து மலையாளமாக்கிக் காகிதத்தில் எழுதிக் கொல்லரிடம் கொடுத்தேன். அச்சில் எழுத்து இடம் வலமாகத் திரும்பி இருக்கும் அல்லவா, அதனால் கொல்லர் கண்ணிலும் தப்பு படவில்லை.

என்ன தப்பு என்றால், மலையாளத்தில் ப நான்கு உண்டு. நம்முடைய ஒற்றை ப செய்கிற வேலையை அங்கே நான்கு பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பாக்கியத்துக்கு நான்காவது ப போட வேண்டுமாம். நடுவில் நாம் போடுகிற ‘க்கி’யும் அங்கே கிடையாதாம். என் மகள் வளர்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதில் முதலில் படித்தது அகப்பையின் அடியைத்தான்.

“அப்பா, இது தெற்றாக்கும்” என்றாள். தெற்று என்றால் தப்பு. கோபம் வந்தால் அவளுக்கு மலையாளம்தான் வரும்.

“வாங்கினவன் ஒருத்தனும் கேக்கலையே?”

“மரியாதைக்குக் கேக்காம போயிருப்பாங்க.”

“அப்ப அந்த மரியாதை அப்படியே இருக்கட்டும்.”

அச்சை மாற்றச் சொல்லி வருடக்கணக்காக நச்சரித்தாள். நான் மாற்றவில்லை. மாற்றினால் இத்தனை நாள் தப்பு என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு பதிலும் தயார் செய்து வைத்தேன். அந்தப் பதில்தான் என் கழுத்தைப் பிடித்தது.

போன வருடம் மழை விடுகிற சமயத்தில் நகரத்திலிருந்து ஓர் ஆள் கல்லாறு கடைக்கு வந்தார். முப்பது வயது இருக்கும், தாடியெல்லாம் சீவி விட்டிருந்தார். இரண்டு அகப்பை வாங்கினார். பிறகு பட்டறையைப் பார்க்க வேண்டும் என்றார். நான்தான் பெருமையாக விதுராவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கட்டை உலர்த்துவதைப் படம் எடுத்தார், ஆணி அடிப்பதைப் படம் எடுத்தார், அகப்பையைக் கவிழ்த்து அடியையும் எடுத்தார்.

“இதெந்தா அண்ணாச்சி, பாக்யம் இங்ஙனெ எழுதியிரிக்குன்னே?” என்று கேட்டார். ஏன் இப்படி எழுதியிருக்கிறது என்று அர்த்தம்.

தமிழனைக் கண்டால் இவர்கள் வாயில் வருகிற சொல் அண்ணாச்சி. மரியாதையா கிண்டலா என்று அறுபத்தெட்டு வயதிலும் எனக்குப் பிடிபடவில்லை. அண்ணாச்சிக்கு எழுதத் தெரியவில்லை என்று அவர் நினைத்துவிடக் கூடாதே என்று, தயாராக இருந்த பதிலை எடுத்து விட்டேன்.

“தம்பி, அது பழைய எழுத்தாக்கும். கொட்டாரத்து ஏட்டுல எல்லாம் இப்படித்தான் இருக்கும். இப்ப உள்ள பிள்ளைகளுக்கு எங்க தெரியும்?”

கொட்டாரம் என்றால் அரண்மனை. நான் வெளியே நின்று மதில்சுவர் பார்த்ததோடு சரி.

“ஓ!” என்று அவர் கண்ணை விரித்தார். என் பேச்சில் மயங்கிவிட்டார் என்று நினைத்தேன். அவர் மனதில் எழுதிக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து மகள் போனைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள். அந்த ஆள் ஜரிகைக் கரை போட்ட கசவு வேட்டி கட்டிக்கொண்டு குத்துவிளக்குக்கு முன்னால் நிற்கிறார். கையில் அகப்பை. கொட்டாரத்து அடுக்களையில் புழங்கிய அகப்பையாம். அவருடைய தறவாட்டில், அதாவது பரம்பரை வீட்டில், தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்களாம். அகப்பையைத் திருப்பி அடியைக் காட்டுகிறார். பாக்கியம். என் ப, என் க்கி.

“பாத்தீங்களா, உங்க தெற்று!” என்றாள் மகள். “பழைய கொட்டாரத்து லிபின்னு சொல்றான். ஆயிரக்கணக்கான பேர் ஹார்ட் போட்டிருக்காங்க.”

என் வேலையைத் திருடினான், சரி. பெயரைத் திருடினான், சரி. என் பொய்யையுமா ஒருத்தன் திருடுவான்? சொந்தமாக ஒரு பொய் சொல்லக்கூடத் திராணி இல்லாதவன் எல்லாம் கைவினைக்காரனாம்!

அவன் பிடி ரப்பர் மரம். எந்திரத்தில் கடைந்து, கவாத்து முடிச்சு மாதிரி தெரிவதற்கு நெருப்பால் பொட்டு வைத்திருக்கிறான். சேர்ப்பது பசையால். போனில் பசை தெரியாது. படத்தில் இரண்டும் அகப்பைதான்.

மகள் செல்போனில் எங்கள் கடைக்கென்று இருந்த பக்கத்திலிருந்து புகார் கொடுத்தாள். அவள்தான் எனக்கு அந்தப் பக்கம் தொடங்கித் தந்திருந்தாள். புகாருக்கு இங்கிலீஷில் உடனே பதில் வந்தது. ஆள் அனுப்பியதல்ல, எந்திரம் அனுப்பியதாம். நான்கு நாள் கழித்து எங்கள் பக்கமே காணாமல் போய்விட்டது. எங்களுக்கு முன்னால் அவன் புகார் கொடுத்திருக்கிறான்: நாங்கள் அவனைக் காப்பி அடிக்கிறோம் என்று!

“யார் கிட்ட பேசணும்? நம்பர் குடு, நான் பேசறேன்” என்றேன்.

“பேச ஆள் கிடையாதப்பா.”

“ஆள் இல்லாம எப்படி ஒரு ஆபீஸ் நடத்துவான்?”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். நானும் அடித்துக்கொண்டேன். என் தலையில்தான்.

அதோடு போயிருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பேன். இந்த வருடம் மழைக்கு முன்னால் பொன்முடி அடிவாரத்தில் புதிதாக ஒரு தங்கும் விடுதி வந்தது. அதன் மேனேஜர் அம்மா என் கடையில் அகப்பையைப் பார்த்து, விடுதியில் எல்லாச் சமையலறைக்கும், வருகிற விருந்தாளிகளுக்குப் பரிசாகவும் வேண்டும் என்று சொல்லியிருந்தார். மழை வந்தால் மலைக்கு வண்டி வராது, கடையில் ஈ ஓட்ட வேண்டும். அந்த ஆர்டர் இருந்தால் மழை முழுக்க ஆறு பெண்களுக்கும் வேலை இருக்கும். இல்லையென்றால் பட்டறைக்குப் பூட்டு. அவர்களிடம் வேலை உண்டு என்று நான் வாக்கும் கொடுத்துவிட்டேன்.

அந்த அம்மா போன் செய்தார். நல்லவர், நான்கு வார்த்தை தமிழும் பேசுவார்.

“அங்கிள், சிட்டியில ஒருத்தர் இதே அகப்பை செய்றார். உங்களோடது டூப்ளிகேட்னு சொல்றார்.”

“மேடம், அவன் என் பட்டறையில வந்து படம் எடுத்துட்டுப் போனவன்!”

“சரி, அடியில எழுதியிருக்கிறது என்னன்னு சொல்லுங்க.”

வாய் பழக்கம் பாருங்கள். “பழைய எழுத்து மேடம், கொட்டாரத்து...” என்று தொடங்கிவிட்டேன்.

“அவரும் இதைத்தானே சொல்றார். அவர் வீடியோ முன்னாடியே வந்திருக்கு. நீங்க அதைப் பார்த்துச் சொல்ற மாதிரி இருக்கு. திங்கட்கிழமைக்குள்ள ஏதாவது தெளிவு கொடுங்க அங்கிள்.”

போனை வைத்தபோது பட்டறையே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. உளி ஒன்றும் நகரவில்லை.

“அப்பா, ஒரே வழிதான் இருக்கு” என்றாள் மகள். “தெற்றுன்னு சொல்லுங்க. வீடியோவில சொல்லுங்க. இப்படித் தெற்றா எழுத தமிழில படிச்சவனாலதான் முடியும். அவன் மலையாளத்தில படிச்சவன், அவனுக்கு இந்தத் தெற்று வராது.”

“ஊர் முன்னால நான் எழுதத் தெரியாதவன்னு நானே சொல்லணுமா? நான் என்ன சாதாரண ஆளா? இந்தப் பட்டறையை...”

“பட்டறையைக் கட்டினது நீங்கதான். தெரியும். நாள்தோறும் மூணு வேளை சொல்றீங்க.”

ஆறு பேரில் மூத்தவள் என் மனைவியோடு கொழுந்து பறித்தவள். அவள் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: “அண்ணே, நீ படிக்காதவன்னு எங்களுக்குத் தெரியும். மலைக்கே தெரியும். தெரியாதது உனக்கு ஒருத்தனுக்குத்தான்.”

எல்லோரும் சிரித்தார்கள். வேலை போகப்போகிற நேரத்தில் சிரிக்கிறார்களே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அவள் சிரித்துக்கொண்டே கையிலிருந்த அகப்பையைத் துடைத்துத் துடைத்து அதே இடத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டேன். போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தேன்.

மகள் போனைத் தூக்கிப் பிடித்தாள். ஒரு கையில் இரும்பு அச்சு, ஒரு கையில் அகப்பை. என் மலையாளத்திலேயே பேசினேன். இது பழைய எழுத்து அல்ல. கொட்டாரம் எனக்குத் தெரியாது. நான் தோட்டத்துத் தமிழன், மூன்றாம் வகுப்பு. லாட்டரிக்காரர் கத்தியதைக் காதால் கேட்டுத் தமிழ் மாதிரி எழுதினேன். தப்பு. பழைய எழுத்து என்று இந்த வாய்தான் முதலில் பொய் சொன்னது, அதையும் அந்தத் தம்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். இவ்வளவுதான். தேயிலைக் கட்டைக்கும் ரப்பர் கட்டைக்கும் உள்ள வித்தியாசத்தையும் கொஞ்சம் சொன்னேன். மகள் அதை வெட்டிவிட்டாள். நீளமாக இருந்ததாம்! அதுதான் முக்கியமான பாகம்.

வீடியோவைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையே விடுதி அம்மா போன் செய்தார். சிரிப்பு நிற்கவில்லை அவருக்கு.

“அங்கிள், ரெண்டு பேரும் கொட்டாரம்னு சொன்னப்போ ரெண்டு பேரையும் நம்பலை. இப்ப நம்பறேன். ஆர்டர் உங்களுக்குத்தான். அச்சை மட்டும் மாத்திடாதீங்க.”

மழை முழுக்க உளிச் சத்தம் கேட்டது. அதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கும்தான் சொல்கிறேன், அதனால் என்ன?

ஆனால் ஆத்திரம் தீரவில்லை. மகள் தன் சொந்தப் பக்கத்தில் போட்ட என் பேச்சு நாலு ஊர் சுற்றியது. பார்த்தவர்கள் எல்லாம் ‘பாவம் அப்பூப்பன், என்ன ஒரு நிஷ்களங்கம்’ என்று எழுதினார்கள். கள்ளமில்லாத பாவப்பட்ட கிழவனாம். பாவமா நான்? நான் பட்டறை கட்டியவன். வீடியோ எடுத்தவள் என்று மகள் தன் பெயரை அடியில் போட்டாள், அகப்பை செய்தவன் என்று என் பெயரைப் போட மறந்துவிட்டாள். கேட்டால், “நீங்கதானே அப்பா வீடியோவில நிக்கறீங்க” என்கிறாள்.

அந்தத் தாடிக்காரன் என்ன செய்தான் தெரியுமா? மூடிக்கொண்டு போனானா? கொட்டாரத்தை மட்டும் கழற்றிப் போட்டுவிட்டான். புது அச்சு செய்துகொண்டான். அதில் நான்காவது ப இருக்கிறது, க்கி இல்லை, எல்லாம் பள்ளிக்கூடத்து மலையாளம். ‘பிழை திருத்திய புதிய பாக்யம்’ என்று படம் போட்டு விற்கிறான். அதே வளைவு, அதே பொட்டு, அதே பசை. கீழே, ‘இயற்கை தந்த உத்வேகம்’ என்று ஒரு வரி. இயற்கையா? இயற்கை எந்தக் கட்டையை மழைக்காலம் முழுக்கப் புரட்டிப் புரட்டிப் போட்டது? இயற்கை எந்த ஆணியைச் சீவியது?

தம்பி, நீ இதைப் படிக்கமாட்டாய், தமிழ் உனக்குத் தெரியாது. படித்துச் சொல்ல ஓர் அண்ணாச்சி கிடைப்பார். வளைந்த பிடி என்னுடையது. கவாத்து முடிச்சு என்னுடையது. சிரட்டைக்கும் கட்டைக்கும் கல்யாணம் செய்து வைத்தது நான். கொட்டாரத்துப் பொய்கூட நான் சொன்னதுதான். இவற்றையெல்லாம் நீ எடுத்துக்கொண்டாய், யார் கேட்பது? ஆனால் திருத்தினேன் என்று உன் வாயால் நீயே சொல்கிறாய். நல்லது. அப்படியானால் யாருடைய தப்பைத் திருத்தினாய் என்று அடியில் எழுது. என் பெயர் நீளமில்லை, ஓர் அகப்பையின் அடியில் அடங்கும்.