கவுன்சிலர் அத்தையின் முடக்குவாதம்

ஆரணியில் எங்கள் வார்டு கவுன்சிலராக இருந்தவர் என் அப்பாவின் அக்கா. எங்களோடுதான் இருந்தார். அவரை நம்பி வீட்டில் எந்த ஏற்பாடும் செய்ய முடியாது. நேற்று மைக் பிடித்துப் பேசியவர் இன்று ரவிக்கைக் கொக்கி மாட்ட அம்மாவைக் கூப்பிடுவார். முடக்குவாதம் அப்படித்தான் என்பார்கள். எட்டு வயதில் எனக்கு அதெல்லாம் சாக்காகவே பட்டது.

ஆடி வெள்ளிக்குப் படவேடு கோயிலுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லி இரண்டு முறை ஏமாற்றியிருந்தார். மூன்றாம் வெள்ளி நான் கனகாம்பரம் வைத்துக்கொண்டு தயாராக நின்றேன். அத்தை கட்டிலை விட்டு எழவில்லை. விரல்கள் வீங்கியிருந்தன.

"இன்னிக்கி முடியல கண்ணு. அடுத்த வாரம் போலாம்."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

அப்போது பின்தெருப் பெண்கள் சிலர் வந்தார்கள். குழாயில் சாக்கடைத் தண்ணீர் வருகிறது, இரண்டு பிள்ளைகள் வாந்தி பேதியில் ஆஸ்பத்திரியில் கிடக்கின்றன. உடைந்த குழாய் ஒரு பட்டுக்கடை வாசலுக்கு அடியில் போகிறது. புதிதாகப் போட்ட சிமெண்டுத் தரையை உடைக்கக் கடைக்காரர் விடமாட்டேன் என்கிறார். அவர் அத்தையின் கட்சியிலேயே பெரிய கை.

அத்தை சுவரைப் பிடித்து எழுந்தார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று என்னையும் ஆட்டோவில் ஏற்றினார்கள்.

நகராட்சி ஆட்கள் கடப்பாரையோடு நிற்க, கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார் அத்தை. கடைக்காரர் நயமாகத்தான் பேசினார்.

"உங்களுக்கே உடம்பு சரியில்ல. வீட்டுக்குப் போங்கம்மா, நாளைக்குப் பேசிக்கலாம்."

"வீட்லயும் இதே வலிதாங்க. இங்கயே உக்காந்துகினு இருக்கேன். தோண்டட்டும்."

கூட்டம் சேர்ந்தது. உச்சிவெயிலில் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டுப் போக, கடப்பாரை இறங்கியது. என் கனகாம்பரம் வாடித் தொங்கியது.

அதன்பின் பல நாள் அத்தையால் ஸ்பூன்கூடப் பிடிக்க முடியவில்லை. அம்மா ஊட்டிவிட்டார். நான் அந்தக் கட்டில் பக்கமே போகவில்லை.

அடுத்த தேர்தலில் கட்சி அவருக்கு சீட் தரவில்லை. உடம்பு முடியாதவர், பாவம், ஓய்வெடுக்கட்டும் என்றார்கள். அத்தை சுயேச்சையாக நின்றார். பின்தெருப் பெண்களே வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டு ஜெயிக்க வைத்தார்கள். அப்பா மட்டும் கட்சிக்காரர்களைக் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தார். அவர்கள்மேல் அவருக்கு ஏன் அத்தனை கோபம் என்று எனக்கு விளங்கவில்லை. அத்தைக்கு உடம்பு முடியாததால்தான் சீட் போயிற்று என்று நானும் நம்பினேன்.