ஏரிக்கரை மாளிகையின் புகை

கட்டடக்கலை இரண்டாம் ஆண்டுப் பரீட்சைக்கு, மலை ஊர் ஒன்றின் ஏரிக்கரையில் வெள்ளைக்காரர் கட்டிய கோதிக் மாளிகையை அட்டையில் செய்து காட்ட வேண்டும். கையில் ஒரு வரைபடமும் மங்கலான புகைப்படமும்தான். தேறாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும். சொந்த ஊரான ராமநாதபுரத்துக்கு ரயில் ஏற வேண்டியதுதான்.

டில்லி முனிர்காவில் இருந்த வாடகை அறையில் கூர்வளைவுகளையும் செங்குத்தான கூரையையும் பிளேடால் வெட்டி ஒட்டினேன். ஏரிக்கு அறைத்தோழனின் சவரக் கண்ணாடி. திருநெல்வேலிக்காரனான அவன் தினமும் ஏரிமேல் குனிந்துதான் சவரம் செய்தான்.

"ஏல, இது வீடா, மாதா கோயிலா? ரூமுக்கு ரூம் சுவத்துல என்னல பொந்து?"

வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது. "சாமி மாடம்டா. பெரிய வீடுல்ல, அறைக்கு ஒரு சாமி வச்சிருப்பாங்க," என்றேன். ஒவ்வொன்றிலும் களிமண்ணில் கடுகளவு விளக்கும் வைத்தேன். கூரைமேல் தெரிந்த குட்டிக் கோபுரங்களை அலங்காரம் என்று நினைத்து, பார்க்க அழகான இடங்களில் நட்டேன்.

பரீட்சையன்று பேராசிரியர் விளக்கை உற்றுப் பார்த்தார். "இது?"

"பூஜா, சார்."

"பேட்டா, குளிர்காலத்தில் அந்த வீட்டில் என்ன செய்வார்கள்? பஜனையா?"

மாடம் என்று நான் நினைத்தது குளிர்காயும் கணப்பு அடுப்பாம். கோபுரம் என்று நான் நட்டவை புகைபோக்கிகளாம். எங்கள் ஊரில் வெயிலுக்குப் பயந்துதான் வீடு கட்டுவார்கள். டில்லியிலும் தெருவில் அங்கீட்டி என்கிற கரியடுப்பைச் சுற்றிக் குளிர்காய்ந்துதான் பார்த்திருந்தேன். வீட்டுச் சுவருக்குள்ளேயே நெருப்பு வைப்பார்கள் என்று யார் கண்டது?

"நாளை கொண்டு வா. புகை வெளியே போகும் வழியைக் காட்டினால் பாஸ்."

அன்று மாலையே கூரையைப் பிரித்து, அடுப்புக்கு அடுப்பு காகிதக் குழாய் சுருட்டி மேலே ஏற்றினேன். குழாய் முடிந்த இடத்திலெல்லாம் புகைபோக்கியை நட்டபோதுதான் கூரை புகைப்படத்தில் இருந்ததுபோலவே ஆனது. வெளியே அலங்காரமாகத் தெரிந்ததெல்லாம் உள்ளே இருந்த குளிர் சொன்ன கணக்கு.

மறுநாள் பேராசிரியர் முன்னால் கீழ்த்தள அடுப்பில் ஊதுபத்தியைச் செருகினேன். புகை முதலில் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. பிறகு புகைபோக்கியிலிருந்து நூல்போல எழுந்தது, ஏரியிலும் தெரிந்தது.

அவர் மூக்கை உறிஞ்சினார். "சந்தனமா?"

"மல்லிகை, சார்."

"கடைசியில் பூஜா நடத்திவிட்டாய்," என்று சிரித்தபடி மதிப்பெண் போட்டார்.

அறைக்குத் திரும்பியபோது அறைத்தோழன் வாசலிலேயே நின்றிருந்தான். "பாஸால?"

"பாஸ்டா."

"அப்ப ஏரியக் கழத்திக் குடு. ஒம் மாளிகைய இடிச்சிரக் கூடாதேன்னு இத்தன நாளா பாதி செரச்ச தாடையோட ஆபீஸ் போயிட்டு வாரேன்."