கிளட்ச் இல்லாத லாரி

இடது முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து, ஊன்றுகோலை விட்ட வாரமே மறுபடி வண்டி ஓட்டக் கிளம்பிவிட்டேன். வழியில் நின்றுபோகும் கார்களையும் வேன்களையும் ஒர்க் ஷாப்புக்கு இழுத்துப் போவதுதான் என் தொழில். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் விடும் நேரத்தில் மாட்டினால், ஒரு சிக்னலைத் தாண்டுவதற்குள் இடது காலால் கிளட்சை எத்தனை தடவை மிதிப்பது என்று கணக்கே இல்லை. மூன்றாம் நாள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியவன் இறங்க முடியாமல் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். என் மனைவி வந்து கதவைத் திறந்தாள்.

"இத்த குட்த்துட்டு கிளட்ச் இல்லாத லாரி ஒண்ணு வாங்கு. கார்ல கீது, லாரில இருக்காதா?"

"அது லாரியா? பொம்மை."

"பொம்மையோ இன்னாவோ, நீ ஊட்டுக்குள்ள நடந்து வரணும்ல."

எங்கள் தொழிலில் போன் எடுப்பவள் அவள்தான். யாருடைய வண்டி எங்கே நிற்கிறது, எந்தப் பக்கமாகப் போனால் சீக்கிரம் போகலாம் என்று எனக்குச் சொல்லுபவளும் அவள்தான். அதனால் அவள் ஒன்றைச் சொல்லிவிட்டால் பாதி முடிவு ஆகிவிட்டதாக அர்த்தம். மீதிப் பாதிக்கு அவள் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் லாரி மெக்கானிக்.

முதலில் பூந்தமல்லியில் ஒரு வண்டி பார்த்தோம். புது பெயிண்ட், ஆறு சிலிண்டர் இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர். புரோக்கர் ஸ்டார்ட் செய்ததும் வந்த சத்தத்திலேயே நான் மயங்கிவிட்டேன். இதில் கொக்கி மாட்டினால் பஸ்ஸையே இழுக்கலாம் என்று தோன்றியது. ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே இன்ஜினைத் தொட்டுப் பார்த்திருந்த மச்சான் மட்டும், "காலையிலயே எங்கியாவது போய்ட்டு வந்தீங்களா?" என்று கேட்டான்.

"இல்லியே. நாலு நாளா இங்கதான் நிக்குது."

மச்சான் இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து காட்டினான். குப்குப்பென்று புகை வந்தது. போன் செய்வதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

"நாம வர்றதுக்கு முன்னாலயே ஓட்டி சூடாக்கி வெச்சிருக்காங்க மாமா. சில்லுனு இருந்தா ஸ்டார்ட் ஆவாது போல. உள்ள தேஞ்சு கீது."

"சத்தம் எப்டி இருந்துச்சு பார்த்தியா?"

"சத்தமா இழுக்கப் போவுது? கொஞ்சமா மிதிக்கும்போதே தம் இருக்கணும். அதான் நமக்கு வேணும்."



அடுத்த ஞாயிற்றுக்கிழமை குத்தம்பாக்கத்தில் இரண்டாவதைப் பார்த்தோம். இதுவும் ஆட்டோமேட்டிக் கியர், ஆனால் நாலு சிலிண்டர்தான். கண்ணாடியெல்லாம் தூசி. காய்கறி ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தவர் தொழிலை விடுவதால் விற்கிறார். நாங்கள் கேட்பதற்கு முன்பே, "ரெண்டாவது கியர்லருந்து மூணாவது மாறும்போது ஒரு இடி இடிக்கும். இப்பவே சொல்லிட்றேன்" என்றார். இன்ஜின் சில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் கொஞ்சம் வெள்ளைப் புகை விட்டுவிட்டுச் சீராக ஓட ஆரம்பித்தது.

மச்சான், நாங்கள் வந்த எங்கள் பழைய வண்டியை இழுவைக் கம்பியால் அதன் பின்னால் மாட்டினான். "வெறும் வண்டியா ஓட்டிப் பார்த்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும் மாமா. இழுத்துப் பாரு."

நான் ஏறினேன், மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள். மெயின் ரோட்டுக்கு ஏறும் சரிவில் கியர் மாறப்போகிறது என்று தெரிந்த நொடியில், என்னை அறியாமல் இடது கால் கிளட்சைத் தேடிப் போய் பிரேக்கை ஓங்கி மிதித்தது. வண்டி குலுங்கி நின்றது. மனைவியின் கைப்பை கீழே விழுந்து அதிலிருந்த சில்லறையெல்லாம் சீட்டுக்கடியில் உருண்டது. இருபது வருஷம் ஓட்டியவன் எல்.எல்.ஆர். பையன் மாதிரி ஆகிவிட்டேனே என்று எனக்கு முகம் சுண்டிவிட்டது.

அவள் சிரிக்கவில்லை. "அந்தக் கால மடிச்சு சீட்டுக்கடில வெச்சுக்கோ. அதுக்கு இன்னிலருந்து லீவு" என்றாள்.

அப்படியே செய்தேன். அதே சரிவில், பின்னால் பழைய வண்டி தொங்க, பிரேக்கை விட்டேன். ஒரு சாண் பின்னால் வழுக்கியது. பிறகு பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் மேலே ஏறியது. ஆக்சிலேட்டரை நான் பாதிகூட மிதிக்கவில்லை. மூன்றாவது கியரில் அவர் சொன்ன இடி இடித்தது. திரும்பி வந்ததும் மச்சான் குனிந்து கருகல் வாடை வருகிறதா என்று மோந்து பார்த்தான்.

"உள்ள இருக்கற கிளட்ச் பிளேட்டு தேஞ்சு கடைசில கீது. மிதிதான் இல்ல, பிளேட்டு இல்லாம இருக்காது. அத்த மாத்தி, கம்ப்யூட்டர்ல செட் பண்ணிட்டா வழுக்கறது, இடிக்கறது ரெண்டும் போய்டும். இன்ஜின் கல்லு மாதிரி கீது."

பிளேட்டை மாற்றித் தர விற்பவர் ஒத்துக்கொண்டார். கொக்கியும் கிரேனும் பொருத்தி, ஆர்.சி.யில் அதை ஏற்றி வாங்க ஒரு மாதம் ஓடிவிட்டது. அந்த ஒரு மாதமும் முழங்காலுக்கு நல்ல ஓய்வு.

முதல் அழைப்பு வேப்பம்பட்டிலிருந்து வந்தது. மாலை ரிசப்ஷனுக்கு அண்டா குண்டான்களோடும் சமைத்த சாப்பாட்டோடும் போன வேன், பைப் புதைக்கத் தோண்டிய பள்ளத்தில் பின்சக்கரம் இறங்கி நின்றிருந்தது. மத்தியானம் பெய்த மழையில் சேறு வேறு. சமையல்காரர் வேனைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பாயசம் கீது அண்ணாத்தே. உலுக்காம எடுக்க முடியுமா?"

பழைய வண்டியாக இருந்தால் கிளட்சை விடும்போது ஒரு வெட்டு வெட்டியிருக்கும். இதில் வேறு கியருக்கு மாறாதபடி முதல் கியரிலேயே பூட்டி மெதுவாக மிதித்தேன். வேன் சேற்றிலிருந்து மாடு எழுவதுபோல எழுந்து வெளியே வந்தது. அப்படியே மண்டபம் வரைக்கும் இழுத்துப் போனேன்.

பொண்ணு மாப்பிள்ளை இன்னும் மேடை ஏறவில்லை. சமையல்காரர் என்னை விடவில்லை. முதல் பந்திக்கு முன்னால் இலை போட்டு உட்கார வைத்தார். சாப்பிட்டுக்கொண்டே மனைவிக்குப் போன் செய்தேன்.

"வண்டி எப்டி கீது?"

"நல்லா இழுக்குது."

"கால்?"

அவள் கேட்ட பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். வலியே இல்லை. அதைச் சொன்னேன். "சரி, ஆவடில ஒரு கார் நிக்குது, சாப்ட்டு மெதுவா போ" என்று சொல்லி வைத்துவிட்டாள். நான் இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.